ஆறாம் கட்டிலின் விரிப்பு

நானும் நாத்தனாரும் ஆஸ்பத்திரிச் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறோம். ஓரத்தில் கட்டில் எண் தைத்திருக்கும். ஒவ்வொன்றின் மேலும் கை வைத்து, அதில் படுப்பவருக்காக அவள் வேண்டிக்கொள்வாள். ஆறாம் கட்டிலில் என் கணவர், அவளுக்குத் தம்பி.

திங்கட்கிழமை அவருடைய விரிப்பை எடுத்தாள்.

“உங்க முணுமுணுப்பு என் புருஷனுக்கு வேண்டாம் அண்ணி. டாக்டர் பார்த்துக்குவார்.”

“சரிம்மா, படிச்சவ சொல்றே. நான் தொடல.”

செவ்வாய்க்கிழமை அழுக்கு மூட்டையில் மற்ற விரிப்புகள் கசங்கி வந்தன. ஆறாம் எண் மட்டும் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாமல் வந்தது.

“என்ன செஞ்சீங்க?” என்று அவளை உலுக்கினேன்.

“ஒண்ணுமே செய்யலையே. நீதானே வேண்டாம்னே?”

மாடிக்கு ஓடினேன். கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“ராத்திரி முழுக்க நல்லாத் தூங்கினேன்,” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்தார்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.