துப்பாக்கி கடைசிச் செலவு

இயந்திரத் துப்பாக்கி பற்றி என்ன சந்தேகம் வந்தாலும், அமெரிக்காவில் துல்சா நகரத்து லாரி கம்பெனி அலுவலகம் ஒன்றில் எல்லோரும் வெண்டலிடம்தான் போவார்கள். டார்லாவும் சாப்பாட்டு வேளையில் அவன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"பதினெட்டாயிரம் டாலர் சேத்துட்டேன், வெண்டல். சனிக்கிழமை போய் வாங்கிடட்டுமா?"

"அவசரக்குடுக்கை! எல்லாத்தையும் துப்பாக்கியில கொட்டிட்டா குண்டுக்கு எங்க போவே? ஒரு நிமிஷம் சுட்டா இருநூறு டாலர் காலி. முதல்ல துப்பாக்கியை வச்சுப் பூட்ட இரும்புப் பெட்டி வாங்கு. அப்புறம் உதிரி பாகம். அப்புறம் மூணு வருஷத்துக்குக் குண்டு. துப்பாக்கி கடைசியில."

"அதுக்குள்ள விலை ஏறிடுமே? சட்டப்படி 1986க்கு முன்னாடி பதிவான பழசை மட்டும்தானே நம்மள மாதிரி ஆளுங்களுக்கு விக்க விடறாங்க, புதுசு வரவே வராதே?"

வெண்டல் காபியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினான்.

"சரி, உன்கிட்ட எத்தனை துப்பாக்கி இருக்கு?" என்றாள் டார்லா.

"இரும்புப் பெட்டி இருக்கு. உதிரி பாகம் இருக்கு. கார் நிறுத்த இடமில்லாம கராஜ் பூரா குண்டு இருக்கு."

"துப்பாக்கி?"

"பதினேழு வருஷமா நான் கிட்டப் போறப்பல்லாம் விலை ஏறிடுது."

டார்லாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, பையிலிருந்து துப்பாக்கிப் பதிவு விண்ணப்பத்தை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டு பேர் சேந்தும் பதிவு பண்ணலாமாம். துப்பாக்கி என்னோடது, குண்டு உன்னோடது. சம்மதமா?"

வெண்டல் பேனாவைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினான்.

"இத்தனை வருஷம் போட்ட திட்டத்துல இதை மட்டும் யோசிக்கவே இல்லையே!"