மூடாத கார்

"ஐம்பத்தஞ்சு வயசுல உங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கேக்குதா, மச்சான்?"

சாமிக்கண்ணுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மலாயாவில் எமர்ஜென்சி வந்ததிலிருந்து அவருக்கு எதற்கெடுத்தாலும் கோபம்தான். இன்றைக்கும் வரும் வழியில் ரோட் பிளாக்கில் பஸ்ஸை நிறுத்தி, எல்லாரையும் வெயிலில் இறக்கி, காட்டுக்குள் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று போலீஸார் துழாவியதில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இப்போது இது வேறு.

சீமைக்குத் திரும்பும் தோட்டத்துத் துரை விற்கச் சொல்லி விட்டிருந்த சிவப்புக் கார் அது. இரண்டே சீட். மேலே கூரை கிடையாது. மடித்து வைத்த கேன்வாஸ் துணி மட்டும்.

லாரி ஓட்டி ஓய்ந்து, செலண்டாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அவருடைய அக்கா புருஷன் தங்கையா, பெண் பார்க்க வந்தவர் மாதிரி காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்கு முட்டி மடங்கல. டுரியான் துங்கால் தோட்டத்துல பேத்தி பொறந்து, அது குப்புற விழவும் ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் மூஞ்சியப் பாக்க முடியல. பஸ்ல ஏத்தினோம், டாக்சியில ஏத்தினோம். ரெண்டு தடவையும் பாதி வழியிலேயே வலி தாங்காம அழுதுகிட்டுத் திரும்பிடுச்சு. கார் வாங்குறதுன்னா, மூடின காரா, நல்லா உக்கார்ற மாதிரி வாங்குங்களேன்!"

"வடிவேலு பாக்கட்டும்லா, மாப்ள."

மெக்கானிக் வடிவேலு பானெட்டைத் திறந்தார். அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு ரவுண்டு ஓட்டியும் வந்தார்.

"இஞ்சின் புகையுது அண்ணே."

"சரி பண்ணிடலாம்."

"கிளட்ச் நழுவுது."

"மாத்திடலாம்."

"கதவுல குண்டு துளைச்சிருக்கு. துரையை எவனோ சுட்டிருக்கான்."

"காத்து வரட்டும்."

சாமிக்கண்ணு பல்லைக் கடித்தார்.

தங்கையா இடது பக்கச் சீட்டில் ஏறி, காலை நேராக நீட்டி, சாய்ந்து உட்கார்ந்தார். முட்டி எங்கேயும் இடிக்கவில்லை. அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

"ராஜா மாதிரி உக்காந்திருக்கிறதப் பாரு!" என்றார் சாமிக்கண்ணு.

வடிவேலு கேன்வாஸ் கூரையை இழுத்தார். கம்பி அசையவே இல்லை.

"இது பெரிய கோளாறு அண்ணே. கம்பியெல்லாம் துருப்பிடிச்சு இறுகிப் போச்சு. இனிமே மூடவே மூடாது."

தங்கையா துள்ளி எழுந்தார். "மூடவே மூடாதா? நல்லா இழுத்துப் பாத்தியா?"

"தொங்கிக்கூடப் பாத்துட்டேன்."

"அப்ப இதான் கார்! பேசி முடி."

சாமிக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். "மழை பெஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"குடை இருக்கு. நீ இங்க வா. நீதான் ரோட் பிளாக் போலீஸ்னு வச்சுக்க. அங்க நின்னு பாரு. காலடியில தெரியுதா? சீட்டுக்குப் பின்னால?"

"எல்லாந்தான் பட்டவர்த்தனமா தெரியுது. அதுக்கென்ன இப்போ?"

தங்கையா பக்கத்துச் சீட்டில் ஒட்டியிருந்த தூசியைத் துண்டால் மெல்லத் தட்டிவிட்டார்.

"அப்புறம் எதுக்குடா உங்க அக்காவைக் கீழ இறங்கச் சொல்லப் போறான்?"