நாலாவது தடவை

"எத்தனை நாளா நடக்குது இந்தத் திருட்டு வேலை?"

டைரக்டர் போட்ட சத்தத்தில் அந்த ஜூனியர் பெண் கையிலிருந்த சோதனைக் குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

அல்சைமர் எனும் மறதி நோய்க்கு மருந்து தேடும் ஆய்வகம் அது. இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு ரசாயனங்களைச் சோதித்துச் சலித்தாகிவிட்டது. முக்கால்வாசி, மூத்த ஆய்வாளரான அக்காவின் கை பட்டவை. டைரக்டர் உட்பட எல்லாருக்கும் அவர் அக்காதான். இருபத்தாறு வருட சர்வீஸ்.

அந்த அக்கா அரை நாள் லீவில் போன நேரம் பார்த்து, அவர் முடித்து வைத்த சோதனையை இவள் ரகசியமாகத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறாள். நோட்டில் அக்கா கண்ட அளவு ஒரு பக்கம், இவள் கண்ட அளவு மறுபக்கம்.

"எட்டு மாசமா, சார்."

"எட்டு மாசமா! அக்கா எங்கடா தப்பு பண்ணுவாங்க, அவங்க நாற்காலியில உட்காரலாம்னு காத்திருக்கியா? உனக்குத் தராசு பிடிக்கக் கத்துக்குடுத்ததே அவங்கதானே? அவங்க முதுகுலயே குத்துறியே!"

அவள் நோட்டை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அது டைரக்டருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"நாளைக்கு அவங்க வந்ததும் மன்னிப்புக் கேக்கிறே. இல்லைன்னா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே!"

அவள் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி நீட்டினாள். அக்காவின் குண்டு குண்டுக் கையெழுத்து.

'என் அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயதில் மறதி தொடங்கியது. எனக்கு இன்று ஐம்பத்தாறு. இனி நான் செய்வதையெல்லாம் என் கண்ணில் படாமல் நீ ஒருமுறை செய்து பார். என் கைத்தவறால் நல்ல மருந்து ஒன்று குப்பைக்குப் போய்விடக் கூடாது. அளவு ஒத்துப்போகாத அன்றைக்கு என்னிடம் சொல்லாதே, ஏதாவது பேசிச் சமாளித்துவிடுவேன். நேரே டைரக்டரிடம் சொல். அதுவரை மூச்சு விடாதே.'

டைரக்டர் அவசர அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார். எட்டு மாதமும் இரண்டு பக்கமும் ஒரே அளவு.

"பாரும்மா, ஒரு தப்புகூட இல்லை. அக்காவுக்கு ஒண்ணும் இல்லை."

"அது நேத்து வரைக்கும் சார்." அவள் குரல் உடைந்தது. "இன்னைக்கு மூணு தடவை செஞ்சு பாத்துட்டேன். தப்பு என்னோடதா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு, நாலாவது தடவை செய்யும்போதுதான் நீங்க வந்தீங்க."