பாதியில் நின்ற வரி

“புதுசா வந்த சிஸ்டமே போட்டுடட்டுமா, அக்கா?” என்றார் சர்வர் மாற்ற வந்த இன்ஜினியர்.

“வேண்டாம் தம்பி. ரீஸ்டார்ட்டே கேக்காத பழைய ஸ்டேபிள் வெர்ஷன் போடுங்க. இதுக்குள்ளே ஓடுற என் வீட்டுக்காரரோட கம்ப்யூட்டர், அந்த விர்ச்சுவல் மெஷின், ஒரு நொடிகூட அணையக் கூடாது.”

அதன் திரையில் அசையாமல் ஒரு வரி: ‘இனிமேல் உன்னை விட்டு’.

“ஆறு வருஷமா இப்படியேதான் இருக்கு. எனக்கு லெட்டர் டைப் அடிச்சுக்கிட்டிருக்கும்போதே அவருக்கு மூச்சு நின்னுடுச்சு. ‘பிரிய மாட்டேன்’னுதான் முடிக்க வந்திருப்பார்.”

இன்ஜினியர் அதை அணைக்காமலேயே புது சர்வருக்கு மாற்றினார். செத்துக்கிடந்த கர்சர் சிமிட்டியது. எழுத்துகள் தாமாக ஓடின.

“மெஷின்தான் ஹேங் ஆகியிருந்திருக்கு, அக்கா. சார் அப்பவே முழுசா அடிச்சு முடிச்சுட்டார், திரைக்குத்தான் வரலை.”

‘இனிமேல் உன்னை விட்டு விலகிப் போகிறேன். தேடாதே.’

அவள் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

“புது சிஸ்டத்தையே போட்டுடுங்க, தம்பி. இது அணைஞ்சா அணையட்டும்.”