மூக்கு லாரிக்குப் புது எஞ்சின்

"அண்ணே, புது எஞ்சினைக் காது குடுத்துக் கேட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. சரின்னு சொல்லிட்டீங்கன்னா நாளையிலிருந்து நீங்கதான் டிரைவருங்க" என்று சாவியை என் கையில் கொடுத்தான் ஜமீர்.

அவன் அப்பா காலத்தில், முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிற இந்தப் பழைய லாரியை ஓட்டியவன் நான். சத்தத்தை வைத்தே எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று கருப்பண்ணன் சொல்லிவிடுவான் என்று பாலக்கோடு முழுக்கப் பேர். அந்தப் பேரை நம்பித்தான் கூப்பிட்டிருந்தான்.

எனக்கும் அந்த சீட்டு வேண்டும்தான். இதை விட்டால் தக்காளி மண்டியில் வாட்ச்மேன் வேலை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிற டிராக்டரை எல்லாம் வெறிக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுக்கு வூட்டிலேயே செத்துக் கிடக்கலாம்.

பழைய எஞ்சினைக் கழற்றி ஷெட் மூலையில் போட்டிருந்தார்கள். அதன்மேல் எவனோ ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தான்.

புதுசு, கம்ப்யூட்டர் எஞ்சினாம். எதுக்கு? தக்காளி ஏற்றவா, கரும்பு ஏற்றவா? இரண்டும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணும் மாப்பிள்ளையும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்களே, அதுக்கு வாடகைக்கு விடப்போகிறான். பொண்ணு பானட் மேலே சாய்ந்து நிற்குமாம். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுவானாம். வண்டியைச் சித்தேரி மலைக்கு ஏற்றிப்போய் இறக்கிக்கொண்டுவர ஒரு ஆள் வேண்டும்.

வெளியே கிழவன் மூஞ்சி, உள்ளே இளவட்டத்து நெஞ்சு. இந்த ஏமாற்று வேலைக்குப் பேர் பேஷன்.

நான் டிரைவர் சீட்டில் ஏறினதும் மெக்கானிக் முதசிர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவன் பேசினாலும் வாயைத்தான் பார்ப்பேன். இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியாது.

மீட்டர் இருந்த இடத்தில் ஒரு குட்டி டி.வி. ஆயில் பிரஷர், சூடு, பேட்டரி எல்லாம் கலர் கலராக எண்ணில் வருமாம். ஓரத்தில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தபடி இருந்தது, அணையவே இல்லை. முதசிர் பல்லால் கறுப்பு டேப்பைக் கிழித்து அதன்மேல் ஒட்டினான்.

கோளாறு சரியாகிவிட்டது.

சாவியைத் திருப்பினேன்.

டி.வி.யில் எஞ்சின் சுற்றுகிற வேகம் ஏறி எண்ணூறில் நின்றது. முதசிர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

எஞ்சினுக்கு அடியில் புது ரப்பர் வைத்திருக்கிறார்கள். ஒரு அதிர்வுகூட மேலே வரவில்லை. பழைய எஞ்சின் என்றால் பாதம், முட்டி, இடுப்பு என்று ஏறி வந்து நம்மை நலம் விசாரிக்கும். இது பிணம்.

புது வண்டிக்குச் சத்தமே கிடையாது என்று ஊரே பீற்றிக்கொள்வது தெரிந்ததுதான்.

ஜமீர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, எப்படி என்று கையால் கேட்டான். வாயைத் திறந்து கேட்டால் முத்து உதிர்ந்துவிடும்.

"சரியாத்தான் இருக்குது தம்பி. ஆமா, எஞ்சினை மாட்டுனீங்களா, மறந்துட்டீங்களா? எங்க சென்னம்மா குறட்டையில பாதிகூடச் சத்தம் வரலையே!"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. முதசிரும் சிரிக்கவில்லை.

டீ கொண்டுவந்த ஜமீரின் சம்சாரம் நசீம் பானு, தட்டைத் தரையில் வைத்துவிட்டு, ஷெட் வாசலில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது.

குனிந்து கீழே பார்த்தேன்.

சாக்கின்மேல், சுற்றின கவர்கூடப் பிரிக்காமல், புது சைலன்சர் கிடந்தது. இன்னும் மாட்டவே இல்லை.

சைலன்சர் இல்லாத டீசல் எஞ்சின் போடுகிற சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

எனக்குக் காது போனது அந்த நிமிஷம் வரைக்கும் என் பொண்டாட்டி சென்னம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஜமீர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சாவியைத் திருப்பி, மெதுவாக உருவிக்கொண்டான்.

நசீம் பானு காதிலிருந்து கையை எடுத்தாள்.