ஆல்ஃபியின் தூக்கம்

"ஆல்ஃபி மறுபடியும் சாஞ்சுட்டான் சார்," என்றான் மாலுமி ஜெம்.

கடலுக்கடியில் கேப்டன் பென்ரோஸுக்குத் தலை கிறுகிறுத்தது. போர்ட்ஸ்மவுத் துறைமுகமே பார்த்துச் சிரிக்கும் அந்தப் புது நீர்மூழ்கி, ஆல்ஃபியால் மட்டும் இரண்டு முறை ஒத்திகையைப் பாதியில் விட்டு மேலே வந்திருந்தது.

"ஆளாளுக்கு ரம்முல ரொட்டியை நனைச்சு ஊட்டினா சாயாம என்ன செய்வான்? தூங்கட்டும் தடிப்பய. இன்னிக்கு நான் மேல போறதா இல்ல."

கூண்டுக்குள் மல்லாந்து கிடந்தது ஆல்ஃபி என்கிற வெள்ளைச் சுண்டெலி. பெட்ரோல் புகை கசிந்தால் முதலில் மயங்கி மற்றவர்களை எச்சரிக்க வேண்டியது அதன் வேலை.

"நேத்து நீங்க திட்டினீங்கல்ல சார்," ஜெம் தயங்கினான். "காலையிலேருந்து அவனுக்கு யாரும் ஒண்ணுமே குடுக்கல."

கேப்டன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கிறுகிறுப்பு கோபத்தால் வந்தது என்றல்லவா நினைத்திருந்தார்.