வலது கன்னத்தில் ஐந்து பிளேடு

அவள் பெட்டியை மூடி ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது, காது மடலில் நுரையோடு அவன் வந்து அறைவாசலில் நின்றான்.

அவள் நிமிரவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அக்கா வீட்டுக்குப் போகிறாள். எப்போது திரும்புவாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பேச்சு நின்று ஒன்பது நாள்.

துணி ஆலையில் அவளுக்குத் தரம் பார்க்கிற வேலை. ஓடிவரும் துணியில் கை வைத்தால் போதும், எங்கே சொரசொரப்பு, எங்கே நூல் தடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் சாப்பிட வந்த அன்று, தடவிப் பார்ப்பதற்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று இவன் வாய் நிறையச் சோற்றோடு சொன்னான். அக்கா வீட்டுக்காரர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். அன்றோடு சரி.

அன்றிலிருந்து அவனும் ஷேவ் செய்வதை நிறுத்திவிட்டான். வருத்தமா சோம்பலா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பேசியதாகிவிடும்.

அவன் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் புது ரேஸர் கொண்டுவந்த கம்பெனி ஆள், அவனையும் சோதனைக்குச் சேர்த்துக்கொண்டு ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முன்னால் ஐந்து பிளேடு. அது போதாதென்று மீசை ஓரத்துக்கென்று பின்பக்கம் தனியாக ஒன்று. ஒரு முகத்துக்கு இத்தனை பேரா என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

இடது கன்னம் பழைய ரேஸருக்கு, வலது கன்னம் புதுசுக்கு. இழுக்கிறதா, எரிகிறதா, கைப்பிடி வழுக்குகிறதா என்று காலையிலிருந்து குளியலறையில் ஒவ்வொரு கேள்வியாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தான். அவள் செவிடு மாதிரி புடவை மடித்தாள்.

இப்போது படிவத்தைச் செய்தி வாசிப்பவர் போலத் தூக்கிப் பிடித்தான்.

"பன்னண்டாவது கேள்வி. வீட்டில் உள்ள ஒருவரிடம், தொட்டுப் பார்த்து எந்தக் கன்னம் வழவழப்பு என்று சொல்லச் சொல்லவும்."

ரேஸர் விற்கிறவனுக்கு அடுத்த வீட்டு விவகாரம் எதற்கு என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் சோதனை சோதனைதான். அரைகுறையாக நிரப்பிய படிவத்தைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

எழுந்து வந்தாள். ஆலையில் செய்வதுபோலவே கண்ணை மூடிக்கொண்டாள்.

இடது கன்னம். தாடைக்குக் கீழே ஒரு திட்டு விட்டுப்போயிருந்தது. வலது கன்னம். சுத்தம், காதோரம் மட்டும் சின்னக் கீறல். வித்தியாசம் முதல் தொடுகையிலேயே தெரிந்துவிட்டது.

கை மறுபடி இடப்பக்கம் போனது. பிறகு வலப்பக்கம். பிறகு இன்னொரு முறை. துணியில் அவள் இரண்டாம் முறை கை வைத்ததே கிடையாது.

அவன் குனிந்து கன்னத்தைக் கொடுத்தான்.

கண்ணைத் திறந்து, தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள்.

மிக முக்கியமான முடிவு கிடைத்துவிட்டதுபோல அவன் தலையாட்டினான். படிவத்தையும் பேனாவையும் கட்டிலில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனான்.

எங்கே டிக் போடுவது என்று பார்க்க அவள் அதை எடுத்தாள்.

அச்சில் இருந்தவை பதினோரு கேள்விகள்.

பன்னிரண்டாவது நீல மையில் இருந்தது. மருந்து உறையில் காலை, இரவு என்று எழுதித் தருகிற அதே சாய்ந்த கையெழுத்து. மேலே இரண்டு வரி எழுதி அடித்திருந்தான். கீழே, அவன் வாசிக்காமல் விட்ட ஒரு வரி இருந்தது.

'கை வைத்துத் தரம் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டுமே கேட்கவும். எல்லோருக்கும் வராது.'

அவளுக்குக் கண் கரித்தது. கோபம் முழுதாகப் போய்விடவில்லை. ஒரு கன்னம் அளவுக்குப் போயிருந்தது.

பேனாவை எடுத்து, ஆலைச் சீட்டில் எழுதுவதுபோல எழுதினாள்: மறுசோதனை. நாளை காலை.

பிறகு பெட்டியைப் பார்த்தாள். பரணிலிருந்து அதை நாற்காலி போட்டு அவளே இறக்கியிருந்தாள். ஏற்றுவதற்கு அவள் உயரம் போதாது.

"இங்க வாங்க," என்றாள். "இந்தப் பெட்டிய மேல ஏத்தணும்."